நகருக்குள் சரக்கு விநியோகம்: டீசல் வேனா, சரக்கு சைக்கிளா, மின் மூன்று சக்கரமா, மின் வேனா?

தினமும் அறுபது, எழுபது இடங்களில் பொட்டலம் இறக்கும் தொழில். ஓடிக்கொண்டிருக்கும் டீசல் வேனுக்கு வயதாகிவிட்டது. அடுத்தது மின்சார வண்டிதான் என்று மனம் ஒருவாறு ஒப்பினாலும் கேள்விகள் ஓயவில்லை. வேன் வாங்குவதா, மூன்று சக்கரமா, சரக்கு சைக்கிளே போதுமா? பேட்டரி வண்டியோடு பொருத்தியதாக இருக்க வேண்டுமா, கழற்றி மாற்றும் வகையா? இல்லை, இன்னும் நான்கைந்து ஆண்டு டீசலிலேயே காலம் தள்ளலாமா?

இதில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் ரேஞ்சை, அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரத்தைப் பார்த்துத்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல. நகருக்குள் சுற்றும் வண்டிக்கு ரேஞ்ச் போதாமல் போவது அபூர்வம். போதாமல் போவது இரவில் வண்டி நிற்கும் இடமும், அந்த இடத்துக்கு வரும் மின் இணைப்பும்தான்.

## எதை வைத்து அளப்பது

மோசமான நாளின் தூரம். மூன்று மாத டிரிப் ஷீட்டை எடுத்து, சராசரியை விட்டுவிட்டு, அதிகம் ஓடிய நாளைப் பாருங்கள். சராசரி 52 கி.மீ. என்றாலும் உச்ச நாளில் 85 கி.மீ. ஓடியிருக்கலாம். அந்த 85-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 119 வரும். புதிய வண்டி, முழு லோடுடன், உங்கள் சாலையில் குறைந்தது அவ்வளவு ஓட வேண்டும். 1.4 எங்கிருந்து வந்தது? காலப்போக்கில் பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கும் என்றும், அதிலும் 10 சதவீதத்தைத் தொடாமல் கையிருப்பாக வைப்போம் என்றும் கொண்டால், 1 ÷ (0.8 × 0.9) = 1.39. கடுங்குளிர் அடிக்கும் ஊராக இருந்தால் இதற்கு மேலும் இடம் விட வேண்டும். அங்கே கேபின் ஹீட்டரும் குளிர்ந்த பேட்டரியும் சேர்ந்து ரேஞ்சில் 20 முதல் 40 சதவீதம்வரை தின்றுவிடும்.

எடையா, இடமா? வண்டி முதலில் எதனால் நிரம்புகிறது என்று பாருங்கள். துணி, மருந்து, மின்னணுப் பொருள் போன்ற பொட்டலங்கள் என்றால் பெட்டியில் இடம் தீர்ந்த பிறகும் எடை வரம்பு பாக்கி இருக்கும். குடிநீர்க் கேன், பெயின்ட், டைல்ஸ் என்றால் பாதிப் பெட்டி காலியாக இருக்கும்போதே எடை எட்டிவிடும். பேட்டரி திருடுவது எடையைத்தான், இடத்தையல்ல. 50 யூனிட் பேட்டரி மட்டுமே 300 முதல் 400 கிலோ. பொட்டலக்காரருக்கு அது ஒரு பொருட்டல்ல. கேன் ஏற்றுபவருக்கு அது தினமும் ஒரு நடை கூடுதல்.

நிறுத்தங்களின் இடைவெளி. இரண்டு இறக்குமிடங்களுக்கு இடையே 300 மீட்டரும் இல்லை, வண்டி நிறுத்தவும் இடமில்லை என்றால் அங்கே நேரத்தைத் தீர்மானிப்பது வேகமல்ல, பார்க்கிங். இடைவெளி கூடக்கூடப் பெரிய வண்டிக்குச் சாதகம்.

இரவு நிற்கும் இடம். சொந்தக் கிடங்கா, வாடகைக் கொட்டகையா, ஓட்டுநர் வீட்டு வாசலா, தெருவோரமா? வாடகை இடமென்றால் உரிமையாளர் புது மின் இணைப்புக்குச் சம்மதிப்பாரா? இதற்குப் பதில் தெரியாமல் கீழே எதையும் முடிவு செய்ய முடியாது.

ஒரு கிலோமீட்டருக்கான எரிசக்திச் செலவு. இதற்கு எந்த நாட்டு விலையும் தேவையில்லை, விகிதம் போதும். நகர ஓட்டத்தில் சிறிய டீசல் வேன் 100 கி.மீ.க்குச் சுமார் 10 லிட்டர் குடிக்கும். அதே அளவு மின் வேன் 22 யூனிட் எடுக்கும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் 25 யூனிட். ஆக, ஒரு லிட்டர் டீசலின் விலை ஒரு யூனிட் மின்சாரத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தால் எரிசக்தியில் மின் வேன் மலிவு. பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டால், டீசலில் ஒரு கி.மீ.க்கு ஒரு யூனிட்டின் விலையும், மின்சாரத்தில் கால் யூனிட்டின் விலையும் ஆகும். மிச்சம் முக்கால்.

இப்போது அதே வேனைப் பொது வேகச் சார்ஜரில், மூன்று மடங்குக் கட்டணத்தில் ஏற்றிப் பாருங்கள். முக்கால் மிச்சம் காலாகச் சுருங்கிவிடும். வண்டி அதேதான், ஓட்டமும் அதேதான். இரவு நிற்கும் இடம் மாறியதில் மிச்சத்தின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

நுழைவு விதிகள். லண்டனில் 2019-இல் மையப் பகுதியில் தொடங்கிய மிகக் குறைந்த உமிழ்வு மண்டலம் 2023 ஆகஸ்டில் அந்த நகரின் எல்லா நிர்வாகப் பகுதிகளுக்கும் விரிந்தது. யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகைத் தரத்தை எட்டாத டீசல் வேன் அங்கே நாள்தோறும் கட்டணம் கட்ட வேண்டும். நெதர்லாந்தின் பல நகர மையங்களில் 2025-இலிருந்து சரக்கு வண்டிகளுக்கென்றே உமிழ்வில்லா மண்டலங்கள் வந்துவிட்டன. உங்கள் நகரில் இப்படியொன்று அறிவிப்பு நிலையில் இருந்தாலே, இன்று வாங்கும் டீசலின் மறுவிற்பனை விலையைக் குறைத்துத்தான் போட வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | டீசல் வேன் | சரக்கு சைக்கிள் | மின் மூன்று சக்கரம் | மின் வேன் |
|---|---|---|---|---|
| ஏற்றும் எடை (கிலோ) | 600–1,000 | 80–200 | 400–600 | 500–1,000 |
| பெட்டி அளவு (கன மீட்டர்) | 3–6 | 0.3–1.5 | 1.5–4 | 3–6 |
| பேட்டரி (யூனிட்) | இல்லை | 0.5–1.5 | 7–12 | 35–75 |
| 100 கி.மீ.க்கு | 8–11 லிட்டர் | 1.5–3 யூனிட் | 6–9 யூனிட் | 18–28 யூனிட் |
| நம்பி ஓட்டக்கூடிய தினசரி தூரம் | வரம்பில்லை | ஒரு பேட்டரிக்கு 15–40 கி.மீ. | 60–85 கி.மீ. | 100–200 கி.மீ. |
| சார்ஜ் | பங்க்கில் 5 நிமிடம் | சாதாரண பிளக், 3–6 மணி | 16 ஆம்பியர் பிளக், 3–5 மணி | 7.4 கிலோவாட், 6–10 மணி |
| முதலில் தகராறு செய்வது | புகை வடிகட்டி, கிளட்ச் | ஸ்போக், பிரேக் பேட் | பின் அச்சு, கன்ட்ரோலர் (மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவி) சூடு | 12 வோல்ட் பேட்டரி, டயர் |

தூரக் கணக்கு மேலே சொன்ன 1.4-ஆல் வகுத்த பிறகு வருவது. விற்பவர் சொல்லும் எண் இதைவிடக் கூடத்தான் இருக்கும்.

## டீசல் வேன்

நகர விநியோகம்போல டீசல் எஞ்சினை வதைக்கும் வேலை வேறில்லை. புகை வடிகட்டியில் சேரும் கரி எரிந்து தீர ஏறத்தாழ 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதற்குப் பதினைந்து இருபது நிமிடம் ஒரே சீராக ஓட வேண்டும். 400 மீட்டருக்கு ஒரு முறை நின்றால் எப்படி எரியும்? எரிக்கும் முயற்சி பாதியில் நின்றுபோகும். ஒவ்வொரு முயற்சியிலும் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியே எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் காரணம் பெரும்பாலும் இதுதான். நீர்த்த ஆயிலோடு ஓடினால் பேரிங்கும் டர்போவும் சீக்கிரம் தேயும்.

வண்டியை அணைக்காமல் பொட்டலம் கொடுக்கப் போவது இன்னொரு ஓட்டை. சிறிய டீசல் எஞ்சின் சும்மா நிற்கும்போதே மணிக்கு 0.6 முதல் 0.8 லிட்டர் குடிக்கும். 80 நிறுத்தம், ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம் என்றால் நாலு மணி நேரம். அதாவது நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட மூன்று லிட்டர், ஒரு அடிகூட நகராமல்.

இவ்வளவு இருந்தும் டீசலை விடக் கூடாத இடங்கள் உண்டு. இன்று 50 கி.மீ., நாளை வெளியூருக்கு 400 கி.மீ. என்று ஒரே வண்டி இரண்டு வேலையும் செய்தால் அது டீசலாகவே இருக்கட்டும். இரவில் தெருவோரம் நிற்கும் வண்டிக்கும் அப்படித்தான். மூன்றாவது இடத்தைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். நாளொன்றுக்கு 25, 30 கி.மீ. மட்டும் ஓடும், கடன் தீர்ந்த பழைய வேனை முதலில் மின்சாரமாக்கலாம், ரேஞ்ச் பயமே இல்லை என்பார்கள். ரேஞ்ச் பயம் இல்லைதான், மிச்சமும் இல்லை. மின் வண்டியின் லாபம் ஓடும் கிலோமீட்டரில் வருகிறது. ஆண்டுக்கு 8,000 கி.மீ. ஓடும் வண்டி தன் கூடுதல் விலையை மீட்க, 25,000 கி.மீ. ஓடும் வண்டியைப் போல மூன்று மடங்கு காலம் எடுக்கும்.

## சரக்கு சைக்கிள்

முன்னாலோ பின்னாலோ பெட்டி வைத்த, மிதிக்கும்போது மோட்டார் கைகொடுக்கும் வண்டி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் மோட்டார் உதவி நின்றுவிடும்படி இருந்தால் அது சட்டப்படி சைக்கிள்தான். ஓட்டுநர் உரிமமும் பதிவும் கேட்பதில்லை. மற்ற நாடுகளில் வரம்பு வேறுபடும், வாங்குவதற்கு முன் பாருங்கள்.

நெருக்கமான நகர மையத்தில் இதை வேன் வெல்வது கடினம். வாசலிலேயே நிற்கும், ஒருவழிப் பாதைக்காகச் சுற்ற வேண்டியதில்லை, பார்க்கிங் அபராதம் இல்லை. ஆனால் இதன் முழு பலமும் ஒரு நிபந்தனையில் தொங்குகிறது: சரக்கு ஏற்றும் இடம் விநியோகப் பகுதியிலிருந்து இரண்டு மூன்று கி.மீ.க்குள் இருக்க வேண்டும். கிடங்கு 12 கி.மீ. தள்ளி இருந்தால் ஒரு வழிக்கே 48 நிமிடம். நாளுக்கு இரண்டு நடை என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் வெறும் போக்குவரத்து. எனவே சைக்கிளின் உண்மை விலை என்பது சைக்கிளின் விலையோடு நகர மையத்தில் ஒரு சிறு கொட்டகையின் வாடகையும், விடியலில் அங்கே சரக்கைக் கொண்டுவந்து கொட்டும் ஒரு பெரிய வண்டியின் செலவும் சேர்ந்தது. இந்த மூன்றையும் கூட்டாமல் கணக்குப் போட்டவர்கள் ஆறு மாதத்தில் சைக்கிளை ஓரங்கட்டியிருக்கிறார்கள்.

பழுது என்று பார்த்தால் பின் சக்கர ஸ்போக் முறிவதுதான் முதலில் வரும். சாதாரண சைக்கிள் சக்கரம் 150 கிலோ சுமைக்குச் செய்ததல்ல. தடித்த ஸ்போக்கோ வார்ப்புச் சக்கரமோ உள்ள மாடலைக் கேளுங்கள். சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாரில் நைலான் பல்சக்கரம் இருந்தால் மேட்டில் முழு லோடு ஏற்றும்போது அது தேயும்; மிதிகட்டை அருகே இருக்கும் மோட்டாரில் அந்தச் சுமை செயினுக்கும் பல்வட்டுக்கும் போகும். எதுவானாலும் பிரேக் பேடை வாரம் ஒருமுறை கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுபோவது பழக்கமாகட்டும், திருட்டில் முதலில் போவது அதுதான்.

## மின் மூன்று சக்கர வண்டி

அரை டன் லோடு, குறுகிய தெரு, நாளைக்கு 60–80 கி.மீ. இந்த மூன்றும் பொருந்தினால் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. 10 யூனிட் பேட்டரியைச் சாதாரண 16 ஆம்பியர் பிளக்கிலேயே மூன்று நாலு மணி நேரத்தில் நிரப்பிவிடலாம் என்பதால் மின் இணைப்புப் பிரச்சினை பெரும்பாலும் எழுவதே இல்லை. இந்த வகை வேகமாகப் பரவியதற்கு விலையைவிட இதுதான் காரணம் என்பது எங்கள் எண்ணம்.

வாங்கும்போது முழு லோடுடன் உங்கள் பகுதியின் மிகச் செங்குத்தான மேட்டில், நடுவில் நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பாருங்கள். ஒரு முறையல்ல, ஐந்து முறை. ஏறுவது பெரிதல்ல; ஐந்தாம் முறை கன்ட்ரோலர் சூடாகி வேகத்தைக் குறைக்கிறதா என்பதுதான் சோதனை. 500 கிலோவுக்கென்று செய்த வண்டியில் 800 கிலோ ஏற்றுவது எல்லோரும் செய்வது. அதன் விலை பின் அச்சு பேரிங்கிலும் டயரிலும் கன்ட்ரோலரிலும் வரும், பிறகு வாரன்டி மறுப்பாகவும் வரும், ஏனென்றால் பல வண்டிகளில் மின்னோட்டப் பதிவு வண்டியிலேயே சேமிக்கப்படுகிறது. மூன்று சக்கரம் என்பதால் திருப்பத்தில் கவிழும் அபாயமும் உண்டு. கனமானதை அடியில், பின் அச்சை ஒட்டி ஏற்றுங்கள்.

ஈய-அமில பேட்டரி போட்ட மலிவு மாடல் இன்னும் விற்கிறது. ஆழமாகத் தீர்த்துத் தீர்த்து ஏற்றினால் அது தாங்குவது 300 முதல் 500 சுற்று. தினசரி விநியோகத்தில் ஒன்று, ஒன்றரை ஆண்டு. அது மலிவல்ல.

பொருத்திய பேட்டரியா, மாற்றும் பேட்டரியா? மாற்றும் வகையில் 10 முதல் 20 கிலோ எடையுள்ள சிறு பேட்டரிகள் இரண்டு மூன்று இருக்கும். நிலையத்தில் காலியைச் செருகி நிறைந்ததை எடுக்கச் சில நிமிடம். இரவு சார்ஜ் வசதி அறவே இல்லாதவருக்கும், இரண்டு ஷிஃப்டு ஓட்டுபவருக்கும் இது வரப்பிரசாதம். வண்டியின் விலையில் பேட்டரி சேராததால் முதலீடும் குறையும்.

விலை எங்கே ஒளிந்திருக்கிறது? ஒரே நிறுவனத்தின் நிலையங்களுக்கு நீங்கள் கட்டுப்பட்டவராகிறீர்கள். அது கட்டணத்தை ஏற்றினாலோ கடையை மூடினாலோ வண்டி வெறும் இரும்பு. நண்பகலில் எல்லோரும் ஒன்றாக வருவார்கள், அப்போது நிறைந்த பேட்டரி இருக்காது. மூன்றாவது விஷயம் கட்டண முறை. ஒரு மாற்றத்துக்கு இவ்வளவு என்று வசூலித்தால், காசு மிச்சம் பிடிக்க ஓட்டுநர் கடைசிச் சொட்டுவரை ஓட்டுவார், வாரத்துக்கு ஒருமுறை நடுத்தெருவில் நிற்பார். எடுத்த யூனிட்டுக்குக் கட்டணம் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஒப்பந்தத்தில் முதலில் படிக்க வேண்டிய வரி அதுவே. உங்கள் வழக்கமான பாதையிலிருந்து ஒன்றரை கி.மீ.க்குள் ஒன்றல்ல, இரண்டு நிலையங்கள் இருந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

## மின் வேன்

ஓட்டத்தில் இது டீசலைவிட எல்லா விதத்திலும் சுகம். நின்று நின்று போகும் சாலையே இதற்குச் சாதகம், ஏனென்றால் நிறுத்தும்போதெல்லாம் மோட்டார் ஜெனரேட்டராக மாறி ஒரு பங்கு மின்சாரத்தைத் திருப்பி ஏற்றுகிறது. தொல்லைகள் யாரும் எதிர்பார்க்காத மூலைகளிலிருந்து வரும்.

12 வோல்ட் பேட்டரியைச் சொல்ல வேண்டும். பெரிய பேட்டரியில் 90 சதவீதம் இருக்கும், வண்டி உயிர் பெறாது. கதவுப் பூட்டு, கணினிகள், பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர் எல்லாம் அந்தச் சிறு பேட்டரியில்தான் விழிக்கின்றன. நாளுக்கு நூறு முறை கதவு திறந்து மூடும் விநியோக வேனில் அது வேகமாகத் தளரும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, கேட்காமலே மாற்றிவிடுவது நல்லது. மின் வண்டிகள் வழியில் நிற்பதற்கான பொதுவான காரணங்களில் இது ஒன்று.

பழுதான மின் வேனை, இயங்கும் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுக்கக் கூடாது. சக்கரம் சுழன்றால் மோட்டார் மின்னழுத்தத்தை உண்டாக்கும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் போய்விடும். வேனை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் தட்டுப்படுக்கை மீட்பு வண்டிதான் வேண்டும், உங்கள் காப்பீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரேக் பேட் தேயாது, ஆனால் பயன்படாத டிஸ்க் துருப்பிடிக்கும். மழைப் பகுதியில் வாரத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். காலையில் நூறு சதவீதத்தோடு கிளம்பும் வேனில் மின்சாரம் திரும்பி ஏற இடமிருக்காது. அதனால் ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டி வழக்கம்போல் மட்டுப்படாது. புது ஓட்டுநர் முதல் சந்திலேயே திடுக்கிடுவார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எடையும், நின்ற இடத்திலிருந்தே கிடைக்கும் இழுவிசையும் சேர்ந்து முன் டயர்களை டீசல் வேனைவிட வேகமாகத் தேய்க்கும்.

குளிர்பதனப் பெட்டி வைத்த வேனுக்குத் தனிக் கணக்கு. குளிரூட்டி சராசரியாக 1.5 கிலோவாட் எடுத்தால் எட்டு மணி நேரத்தில் 12 யூனிட். 40 யூனிட் வேனில் அது முப்பது சதவீதம். ஏற்றும் முன், பிளக்கில் இருக்கும்போதே பெட்டியைக் குளிரவைத்தால் இதில் கணிசமாக மிஞ்சும்.

எடை வரம்பில் சிக்குபவர்களுக்கு ஒரு செய்தி: ஐரோப்பாவில் பல நாடுகள், பேட்டரியின் எடையை ஈடுசெய்ய, சாதாரணக் கார் உரிமத்திலேயே 3.5 டன்னுக்குப் பதில் 4.25 டன்வரை மின் வேன் ஓட்ட அனுமதிக்கின்றன. உங்கள் நாட்டில் அப்படி உண்டா என்று விசாரியுங்கள்.

பேட்டரி வகையையும் கேட்டு வாங்குங்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை இரண்டாயிரம் முதல் நாலாயிரம் சுற்றுவரை தாங்கும், வெப்பத்தில் பத்திரம், ஆனால் அதே யூனிட்டுக்குக் கனம் கூடுதல். என்எம்சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) லேசானது, குளிரில் மேல், விலை கூடுதல். தினமும் நூறு சதவீதம் ஏற்றுவதை என்எம்சி விரும்பாது. 80–90-இல் நிறுத்துவது நல்லது. எல்எஃப்பியை வாரம் ஒருமுறையாவது முழுதாக ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் மின்னழுத்தம் கிட்டத்தட்ட மாறாமலே இருப்பதால் மீட்டர் காட்டும் சதவீதம் பொய்யாகிவிடும். 25 சதவீதம் என்று காட்டிவிட்டுத் திடீரென்று நிற்கும் வண்டியின் கதை பெரும்பாலும் இதுதான். உறைநிலைக்குக் கீழே எந்த லித்தியம் பேட்டரியையும் சூடாக்காமல் வேகமாகச் சார்ஜ் ஏற்றக் கூடாது.

## சார்ஜ் ஏற்றும் இடம்: பட்டியலில் இல்லாத செலவு

பத்து மின் வேன்கள், ஒவ்வொன்றும் நாளைக்கு 100 கி.மீ. மீட்டரில் மொத்தம் 250 யூனிட். எட்டு மணி நேர இரவில் பரப்பினால் சராசரி 31 கிலோவாட் போதும். ஆனால் மாலை ஆறு மணிக்கு எல்லோரும் வந்து ஒன்றாகச் செருகினால்? 7.4 கிலோவாட் வீதம் பத்து வண்டிக்கு 74 கிலோவாட். மூன்றரை மணி நேரம் அந்த உச்சம், அதன்பின் விடியும்வரை ஒன்றுமில்லை. பல இடங்களில் மின்கட்டணத்தின் ஒரு பகுதி இந்த உச்சத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது, அதுவும் மாலையில் யூனிட் விலையும் அதிகம். சுமையைப் பங்கிட்டுக் கொடுக்கும் சார்ஜர்களைப் போட்டால் அதே பத்து வண்டி 35–40 கிலோவாட் இணைப்பில் நிம்மதியாக நிரம்பும். அந்தக் கருவிக்குக் கொடுப்பது, பெரிய இணைப்புக்கும் மின்மாற்றிக்கும் கொடுப்பதில் ஒரு சிறு பகுதி.

22 கிலோவாட் சார்ஜர் வாங்கிவிட்டால் வேகமாக ஏறும் என்று நினைக்காதீர்கள். ஏசி (மாறுமின்) சார்ஜில் வேகத்தை முடிவு செய்வது வண்டிக்குள் இருக்கும் சார்ஜர். அது 7.4 என்றால் சுவரில் எது இருந்தாலும் 7.4 தான்.

வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். 32 ஆம்பியருக்குக் குறைந்தது 6 சதுர மி.மீ. செம்புக் கம்பி, நீளம் 30 மீட்டரைத் தாண்டினால் 10. ஒவ்வொரு முனைக்கும் தனி பிரேக்கர், நல்ல எர்த். கசிவு மின்னோட்டம் கண்டு துண்டிக்கும் கருவி 30 மில்லி ஆம்பியர், நேர்மின் (டிசி) கசிவையும் உணரும் வகையாக இருக்க வேண்டும். வீடுகளில் போடும் சாதாரண வகை, வண்டியிலிருந்து நேர்மின் கசிந்தால் செயலிழந்து, ஆபத்தில் துண்டிக்காமல் இருந்துவிடும். மூன்று சக்கர வண்டிக்குச் சாதாரண பிளக் போதும் என்றோம். ஆனால் தினமும் நாலைந்து மணி நேரம் முழு மின்னோட்டம் போவதால் மலிவு சாக்கெட் உருகும். தொழிற்சாலை வகை சாக்கெட் போடுங்கள், நீட்டிப்பு வயர் கூடவே கூடாது.

மற்றது சில்லறை: வெள்ளம் தேங்கும் இடமென்றால் ஒரு மீட்டருக்கு மேலே பொருத்துவது, கேபிள் தரையில் கிடக்காமல் தொங்கவிடும் கொக்கி, சக்கரம் இடிக்காமல் தடுப்புக் கட்டை. கேபிள் முனைமேல் அடுத்த வேன் ஏறி உடைவது தினசரி நடக்கும் கூத்து.

பகலில் பொது டிசி வேகச் சார்ஜரை நம்புபவர் ஓட்டுநரின் காத்திருப்பு நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 80 சதவீதத்துக்கு மேல் வேகம் விழுந்துவிடும், அதற்குமேல் நிற்பது வீண்.

## எந்த நிலைமைக்கு எது

கிடங்கு நகர மையத்திலேயே இருக்கிறது, பொட்டலங்கள் சிறியவை, தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை: சைக்கிள். ஆனால் மழை நாளுக்கும் ஆள் வராத நாளுக்கும் மாற்று ஏற்பாட்டுடன்.

கடைகளுக்கு அரை டன்னுக்குள் சரக்கு, 80 கி.மீ.க்குள் ஓட்டம், சாதாரண மின் இணைப்பு மட்டும் கைவசம்: பொருத்திய பேட்டரியுள்ள மூன்று சக்கரம். அதே வேலை, ஆனால் இரவு நிறுத்த இடமில்லை அல்லது இரண்டு ஷிஃப்டு: மாற்றும் பேட்டரி.

சொந்தக் கிடங்கு, 30 கிலோவாட்டுக்கு மேல் இணைப்பு வாங்க வழி, ஒவ்வொரு வண்டியும் நாளைக்கு 70 முதல் 150 கி.மீ.: மின் வேன், தயங்காமல். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். தினமும் ஒரே பாதையில் அதிகம் ஓடும் வண்டியை முதலில் மாற்றுங்கள், கோளாறானால் ஓட ஒரு டீசல் கையில் இருக்கட்டும். ஓட்டுநர் வண்டியைத் தன் வீட்டுக்கே கொண்டுபோகும் ஏற்பாடு என்றால் அவர் வீட்டு மின்சாரத்துக்கு எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று எழுத்தில் முடிவு செய்துவிட்டே வாங்குங்கள்.

வாடகைக்கு எடுப்பதா, வாங்குவதா என்ற கேள்விக்கு இந்த வண்டிகளில் பதில் பேட்டரி ஒப்பந்தத்தில் இருக்கிறது. குத்தகையில் ஆண்டுக் கிலோமீட்டர் வரம்பையும், திருப்பித் தரும்போது பேட்டரி எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் படியுங்கள். சொந்தமாக வாங்கினால் பேட்டரி வாரன்டி பெரும்பாலும் எட்டு ஆண்டு அல்லது குறிப்பிட்ட கி.மீ., 70 சதவீதக் கொள்ளளவு என்று இருக்கும். விநியோகத் தொழிலுக்கு அந்தக் காலம் சுருக்கப்பட்டிருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள், சில ஒப்பந்தங்களில் அப்படி இருக்கும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் சோதனை ஓட்டம் கேளுங்கள். உங்கள் பாதை, உங்கள் ஓட்டுநர், முழு லோடு. தினமும் நான்கு எண்களை மட்டும் எழுதினால் போதும்: காலைச் சதவீதம், மாலைச் சதவீதம், ஓடிய கி.மீ., சார்ஜர் சுவரில் உள்ள மீட்டரில் ஏறிய யூனிட். டாஷ்போர்டு காட்டும் யூனிட்டை எடுத்துக்கொள்ளாதீர்கள். சார்ஜ் ஏறும்போது வீணாவது அதில் வராது, மின்கட்டணச் சீட்டில் வரும். சோதனைக்குக் கொடுத்த வண்டி முழு லோடுடன் ஓடாமல் திரும்பினால் அந்த வாரத்தைக் கணக்கில் சேர்க்காமல் இன்னொரு வாரம் கேளுங்கள். புது மின் இணைப்புக்கு விண்ணப்பத்தை அந்தச் சோதனை வாரத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் பல ஊர்களில் வேன் வந்து சேர்வதைவிட இணைப்பு வந்து சேர அதிக மாதம் பிடிக்கும்.